கரன்ற் கொடுத்தால் படுத்துவிடும் மடிக்கணினி

வாழ்வாதாரம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது தையல் இயந்திரம், கோழிக்கூடு, ஆடு, வீட்டுத்தோட்டம். தையல் இயந்திரத்தின் பட்டி அறுந்தால் என்ன செய்வது, கோழி தூங்கி விழுந்தால் என்ன கொடுப்பது என்று எங்களில் அநேகமானோருக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் கேட்பதற்கு அயலில் ஒருவர் இருப்பார். ஆனால் மடிக்கணினி ஒன்று திடீரென்று நடக்கமாட்டேன் என்று நின்றுவிட்டால் அப்படி இல்லை. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டினத்துக்கு பஸ் ஏறுகிறோம். கடையில் இருக்கும் தம்பி என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு.

அடம்பனில் எமது குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரிக்குச் சென்ற வருடம் கார்த்திகையில் இப்படித்தான் நேர்ந்தது. நான் அங்கே பெண்களுக்குக் கணினி பழக்குவதால் இயந்திரம் கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பெயரைப் போடவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். ஆகவே தங்கச்சி என்றே எழுதுகின்றேன்.

2008 இல் அடம்பனைச் சுற்றிச் சண்டை நடந்தபோது வெளியேறிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. வன்னிக்குள் ஒவ்வொரு இடமாக ஓடி, 2009 இல் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, பின்னர் ஊருக்குத் திரும்பியவள். கணவர் அந்த ஓட்டத்தில் காணாமற் போனவர். பிள்ளைகள் இருவர். வயலில் கூலிக்குக் களை பிடுங்கி, பனையோலை பின்னி, கடையொன்றில் போட்டோப்பிரதி எடுத்துக்கொடுத்து, அந்தக் கடையிலேயே கணினி பழகியவள். இன்று அவளுடைய தொழில் வீடியோ வெட்டி ஒட்டுவது. கலியாணவீடு, சாமத்தியவீடு, பிள்ளைகளின் முதல் நன்மை, கோயில் திருவிழா என்று படப்பிடிப்பாளர்கள் எடுத்துக்கொண்டு வருவதை ஒழுங்குபடுத்தி, பாட்டுச் சேர்த்து, பெயர் எழுதிக் கொடுப்பாள்.

அந்தத் தொழிலுக்கு அவளிடம் இருப்பது விளையாட்டு மடிக்கணினி. கனடாவில் இருக்கும் தமையனின் மகன் கேம் விளையாடுவதற்காக வாங்கி, புதியது வாங்கியதும் மாமிக்கு என்று ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. கறுத்தத் தடித்த உடம்பு, பின்பக்கம் சிவப்புக் கோடு, விசைப்பலகையில் வானவில் வெளிச்சம். முதல் நாள் அதை வகுப்புக்குக் கொண்டு வந்தபோது மற்றப் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல இயந்திரம். விளையாட்டில் ஒரு செக்கனுக்கு 60 படமோ அதற்கு மேலோ வரைந்து காட்டவேண்டியிருப்பதால் இத்தகைய கணினிகளில் வழமையான செயலியோடு படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு பெரிய சிப் இருக்கும். வீடியோ வேலைக்கும் அந்தச் சிப்பே கைகொடுக்கின்றது. தட்டச்சுக்கு மட்டும் வாங்குபவர்களுக்கு இது தேவையில்லை. வீடியோ செய்பவர்களுக்கு இப்படிப் பாவித்த ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

கார்த்திகை நடுவில் விடத்தல்தீவில் ஒரு கலியாணம். திருவருகைக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் வைப்பது குறைவு என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்கு முந்திய வாரங்களில் வேலை குவியும். மணப்பெண் நத்தார் முடிய வெளிநாடு போகிறாள். நத்தாருக்கு முதல் வீடியோ கையில் வேண்டும் என்று அரைவாசிக் காசும் தந்துவிட்டார்கள். தங்கச்சி வேலையைத் தொடங்கினாள். சுட்டியை இழுத்தால் அரை நிமிடம் கழித்து அம்புக்குறி நகர்கின்றது. முன்னர் ஒரு மணித்தியாலப் படத்தை முடித்து வெளியே எடுக்க ஒரு மணித்தியாலம்கூடத் தேவைப்படாது. இப்போது இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் 7 வீதம்.

பட்டினத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். திறந்துகூடப் பார்க்காமல் சொன்னார்களாம், "அக்கா, இது போமற் அடிக்கவேணும். அதுக்கும் சரிவராட்டி மதர்போட்." போமற் என்றால் உள்ளே உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக மென்பொருள் போடுவது. எந்த வருத்தத்துக்கும் பனடோல் கொடுப்பதுபோல எந்தக் கணினிக்கும் போமற் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் அது வேலையும் செய்யும். பனடோலும் சில நேரம் வேலை செய்யும்தானே.

நல்ல காலம், அவள் விடவில்லை. அதற்குக் காரணம் கலியாண வீடியோ அல்ல. அந்த மடிக்கணினிக்குள் "அப்பா" என்று ஒரு கோப்புறை இருக்கிறது. கணவருடைய எஞ்சிய 4 படங்கள், முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதம், ஆணைக்குழுவில் சாட்சியம் சொன்னதற்கான பற்றுச்சீட்டு, 2018 மே மாதம் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் மன்னாரில் மக்களைச் சந்தித்தபோது கொண்டுபோன விண்ணப்பத்தின் பிரதி. கடதாசிப் பிரதிகளில் பாதி ஒரு மாரியில் நனைந்து ஊறிப்போய்விட்டன. மீதமிருப்பது ஸ்கான் பண்ணிய படங்களே.

"அக்கா, வீடியோ போனா காசைத் திருப்பிக் குடுக்கலாம். இது போனா நான் ஆரிட்ட கேக்கிறது?" என்றாள்.

ஆகவே நாங்கள் முதலில் செய்தது திருத்த வேலையே அல்ல. ஒரு பென்டிரைவைச் செருகி அந்தக் கோப்புறையை வெளியே எடுத்தோம். 5 நிமிடத்தில் முடியவேண்டியது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்தோம். கணினி திருத்துவதில் பெரிய பகுதி இந்தக் கதைதான் என்பது என் அபிப்பிராயம். ஆஸ்பத்திரியில் நல்ல டொக்டர் மருந்து எழுதுமுன் கேட்பாரே, எப்போது தொடங்கியது, அதற்கு முதல் நாள் என்ன சாப்பிட்டாய் என்று, அதுபோல.

மடிக்கணினி மெதுவாவது இரண்டு விதம். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது ஒன்று. உள்ளே தூசு சேர்வது, இடம் நிரம்புவது, மென்பொருள் கனத்துப்போவது போன்றவை அப்படித்தான் காட்டும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பது மற்றது. அதற்கு ஏதோ ஒரு சம்பவம் காரணமாக இருக்கும். புதிதாக ஒன்று போட்டிருப்போம், ஒன்றை மாற்றியிருப்போம், ஒன்று உடைந்திருக்கும்.

"என்ன மாத்தினனீ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் மாத்தேல்ல அக்கா."

எல்லோரும் சொல்லும் பதில் இது. இதை நம்பவும் கூடாது, சொன்னவரைக் குற்றம் சொல்லவும் கூடாது. மாற்றியது அவர்களுக்கு ஒரு மாற்றமாகவே தெரிந்திருக்காது. ஆகவே கேள்வியை வேறுமாதிரிக் கேட்கவேண்டும். கடைசியாக எப்போது வீடியோ வேலை செய்தாய்? புரட்டாதியில். அதற்குப் பிறகு? கடிதங்கள், விண்ணப்பங்கள் தட்டச்சுச் செய்தது மட்டும். அதற்கிடையில் வீட்டில் என்ன நடந்தது? ஐப்பசியில் பெரிய இடி மின்னல். பக்கத்து வளவுத் தென்னையில் விழுந்தது. அன்று தொலைக்காட்சிப் பெட்டியும் போனது, மடிக்கணினியின் சார்ஜரும் போனது. இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச் சார்ஜர் ஒன்று வாங்கிப் போட்டதும் பழையபடி வேலை செய்ததாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகத்தோடு நிற்காமல் இயந்திரத்திடமும் கேட்டோம்.

இயந்திரம் என்ன சொல்கிறது?

விண்டோஸ் கணினிகளில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்ற பக்கம் திறக்கும். இது பிரசவ விடுதியில் கட்டில் நுனியில் தொங்கும் அட்டை மாதிரி. செயலி எத்தனை வீதம் வேலை செய்கிறது, நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது, வட்டு எவ்வளவு ஓடுகிறது என்றெல்லாம் காட்டும். இதில் பேர்ஃபோமன்ஸ் என்ற பகுதிக்குப் போகவேண்டும்.

வட்டு 100 வீதத்தில் விடாமல் நின்றால் வட்டு பழுதாகிக்கொண்டிருக்கலாம், அல்லது பின்னணியில் அப்டேற் ஓடிக்கொண்டிருக்கலாம். தங்கச்சியின் இயந்திரத்தில் வட்டு 4 வீதம். நினைவகம் அரைவாசிக்கும் குறைவு. இரண்டும் சுகம். செயலியைப் பார்த்தோம். அங்கே வேகம் என்ற இடத்தில் 0.79 கிகாஹேர்ட்ஸ் என்று இருந்தது. அதன் அருகிலேயே அந்தச் செயலியின் அடிப்படை வேகம் 2.60 கிகாஹேர்ட்ஸ் என்றும் எழுதியிருக்கிறது. அதாவது சாதாரணமாக 2.60 இல் ஓடவேண்டியது, வேலை கூடினால் அதற்கு மேலேயும் போகவேண்டியது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேகத்தில் நடக்கின்றது. வீடியோ மென்பொருளைத் திறந்து வேலை கொடுத்துப் பார்த்தோம். 0.79 தான். அசையவில்லை.

இப்படி ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றால் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிடித்து வைப்பது வேறு யாரும் அல்ல, கணினியேதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு சந்தர்ப்பங்களில் இப்படிச் செய்யும். ஒன்று, சூடு. மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு எல்லை ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ். அதைத் தொட்டதும் வேகத்தை வெட்டிக் குளிரப் பார்க்கும். இரண்டு, மின்வலு போதாமை. வருகின்ற கரன்ற் தன் பசிக்குக் காணாது என்று தெரிந்தால் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் கையே போதும். பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று அனலாக வந்து, விசிறி இரைந்து, அதோடு மெதுவாகவும் இருந்தால் சூடு. தங்கச்சியின் இயந்திரத்தில் காற்றே வரவில்லை. விசிறி சத்தமில்லாமல் கிடந்தது. கீழ்ப்பக்கம் இளஞ்சூடு. குளிர்ந்திருந்துகொண்டே மெதுவாக ஓடும் இயந்திரத்துக்குத் தூசு காரணமாக இருக்க முடியாது.

பிறகு செய்த சோதனையைத்தான் எனக்கு எல்லோருக்கும் சொல்ல ஆசை. பற்றரியில் 60 வீதம் இருந்தது. வீடியோ மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜர் வயரைக் கழற்றினோம். சில செக்கன்கள். 0.79 என்ற எண் 1.9 ஆகி, 2.8 ஆகி, 3 ஐத் தாண்டியது. ஒரு நிமிடத்துக்குள் விசிறி இரையத் தொடங்கியது. தங்கச்சி வாயில் கையை வைத்தாள். திரும்பச் செருகினோம். 0.79. கழற்றினோம். எழும்பியது. கரன்ற் கொடுத்தால் படுக்கிறது, எடுத்தால் எழும்புகிறது. இப்படி ஒரு வருத்தம் மனிதருக்கு இல்லை.

சார்ஜரின் முதுகில் எழுதியிருப்பது

இடி விழுந்த பழைய சார்ஜரை அவள் எறியவில்லை. எங்கள் பெண்கள் எதையும் எறியமாட்டார்கள், இந்த முறை அது நல்லதாகப் போயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். பழையது செங்கல்லில் பாதி, நல்ல பாரம். புதியது சோப்புக்கட்டி அளவு. இரண்டினதும் முனை ஒரே மாதிரி, ஒரே துளைக்குள் போகின்றது. கடையில் பொருத்தம் பார்த்தது அதைத்தான்.

சார்ஜரின் முதுகில் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். அதில் வி எழுத்துக்கு முன்னால் உள்ள எண் வோல்ற்று. ஏ எழுத்துக்கு முன்னால் உள்ள எண் அம்பியர். இரண்டையும் பெருக்கினால் வருவது வாற்று, அதுதான் சார்ஜர் கொடுக்கக்கூடிய வலு. பழையதில் 19.5 வோல்ற்று, 9.23 அம்பியர். பெருக்கினால் 180 வாற்று. புதியதில் 19.5 வோல்ற்று, 4.62 அம்பியர். பெருக்கினால் 90 வாற்று. சரிபாதி.

வகுப்பில் இதை விளக்கும்போது நான் கட்டுக்கரைக்குளத்தைச் சொல்வதுண்டு. வோல்ற்று என்பது குளத்தில் தண்ணீர் நிற்கும் உயரம். அம்பியர் என்பது துருசு வழியாக எவ்வளவு தண்ணீர் வரலாம் என்பது. உயரம் சரியாக இருந்தாலும் துருசு சிறிதென்றால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. தட்டச்சு வேலை மேட்டில் உள்ள சின்னப் பாத்தி. அதற்கு 90 வாற்று தாராளம். அதனால்தான் கடிதம் அடித்த நாட்களில் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீடியோ வேலை முழு வயல். செயலியும் பெரிய படச்சிப்பும் ஒன்றாகக் குடிக்கத் தொடங்கியதும் போதவில்லை, இயந்திரம் தன்னைத்தானே கட்டிவைத்துக்கொண்டது.

ஆகவே சார்ஜர் வாங்கும்போது கவனிக்கவேண்டியது: வோல்ற்று பழையதற்குச் சமமாக இருக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அம்பியர் பழையதற்குச் சமமாக அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது. அம்பியர் கூடினால் இயந்திரம் எரிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. தனக்குத் தேவையானதை மட்டுமே அது இழுக்கும். போன் சார்ஜர் போன்ற சி வகை முனையுள்ள புதிய மடிக்கணினிகளிலும் இதே கதைதான். 65 வாற்றுச் சார்ஜரால் விளையாட்டு மடிக்கணினிக்கு உயிர் இருக்கும், ஓட்டம் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில நிறுவனங்களின் சார்ஜர் முனைக்குள் நடுவில் ஊசி போன்ற ஒரு கம்பி இருக்கும். அதனூடாகத்தான் சார்ஜர், "நான் இத்தனை வாற்று" என்று கணினிக்குச் சொல்கின்றது. அந்த ஊசி வளைந்தாலோ முறிந்தாலோ சரியான சார்ஜரைப் போட்டாலும் கணினி அதை அடையாளம் காணாது. அப்போதும் இதே நோய்தான், இதே மெதுவான நடைதான். வயரை இழுத்துப் பிடுங்கும் வீடுகளில் இது சாதாரணம்.

கதையில் எனக்கு மிகவும் மனதில் நின்றது வேறொன்று. இப்படியான இயந்திரங்களில் சில, வலு குறைந்த சார்ஜரைப் போட்டால் இயக்கும்போதே கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை காட்டும். தங்கச்சியின் இளைய மகனை அழைத்துக் கேட்டோம். அவன் பெரியம்மாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "ஓம் பெரியம்மா, ஒவ்வொரு நாளும் ஏதோ வரும். நான் என்ரர் அடிச்சிட்டுப் போயிடுவன்." ஒரு மாதமாக அந்த இயந்திரம் தினமும் காலையில் தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வந்தால் அது எங்களுக்கு அல்ல, யாருக்கோ என்று நாங்கள் எல்லோரும் பழகிவிட்டோம். விளங்காத எழுத்து வந்தால் அழுத்தித் தள்ளாமல் போனில் ஒரு படம் எடுங்கள். கூகிள் மொழிபெயர்ப்பில் படத்தைக் காட்டினால் தமிழில் தரும். தமிழ் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் விடயம் விளங்கும்.

180 வாற்றுச் சார்ஜர் மன்னாரில் உடனே கிடைக்கவில்லை. கொழும்பில் பாவித்தது ஒன்று இருப்பதாக அறிந்து, முதுகை வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எண்களைப் பார்த்த பிறகே காசு போட்டோம். காசு எமது குழுவின் சுழல்நிதிக் கடன். மன்னார் பஸ்ஸில் பார்சலாக வந்து சேர 6 நாட்கள் எடுத்தது. அந்த 6 நாளும் தங்கச்சி சும்மா இருக்கவில்லை. சார்ஜர் இல்லாமல் எழும்புகிறது என்று தெரிந்துவிட்டதே. இயந்திரத்தை அணைத்துவிட்டு அந்தச் சின்னச் சார்ஜரில் பற்றரியை நிரப்புவாள். நிரம்பியதும் வயரைக் கழற்றிவிட்டு 50 நிமிடம் வேலை. திரும்ப அணைத்து நிரப்புவாள். இடைவெளியில் சமையல், கிணற்றடி. பற்றரிக்கு இது நல்லதல்ல, நிரந்தரமாகச் செய்யக்கூடாது. அவளுக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை. கலியாண வீடியோ நத்தாருக்கு 4 நாள் முதல் விடத்தல்தீவுக்குப் போனது.

வேறு காரணங்கள்

எல்லா மடிக்கணினிக்கும் சார்ஜர்தான் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சூடாகி மெதுவானால் தூசு. எங்கள் பகுதியில் சோளகம் அடிக்கும் மாதங்களில் புழுதி, அறுவடை நேரத்தில் நெல்லுச் சுணை. சுணை சாதாரணத் தூசைவிட மோசம், விசிறிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் போய்ப் பாய்போலப் படியும். தங்கச்சியின் இயந்திரத்தையும் திறந்து பார்த்தோம். விரல் தடிப்பில் ஒரு பாய் வந்தது, எலிக்குஞ்சு ஒன்று கிடக்கிறது என்று பக்கத்தில் இருந்தவள் பயந்துபோனாள். துப்புரவாக்கும்போது கரன்ற்றைக் கழற்றி, இயந்திரத்தை முற்றாக அணைத்து, கீழ் மூடியைத் திறந்ததும் முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். விசிறியின் இதழை ஒரு ஈர்க்கிலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. வாயால் ஊதினால் எச்சில் போகும், அதுவும் கூடாது. செயலிக்கு மேல் தடவும் வெப்பப் பசை சில வருடங்களில் காய்ந்துவிடும். அதை மாற்றுவது கை பழகியவர்களின் வேலை. மெத்தையிலும் பாயிலும் வைத்து வேலை செய்வதை நிறுத்துங்கள். கீழே இருந்து காற்றை உறிஞ்சும் வாய் அடைபட்டுவிடும். இரண்டு மரச்சட்டத்தை இரு பக்கமும் வைத்தால் போதும்.

அணைத்து எழுப்பிய பிறகும் வட்டு 100 வீதத்தில் நின்று, உள்ளே டிக் டிக் என்று சத்தமும் கேட்டால் வேறு எதையும் செய்யாமல் முக்கியமானவற்றை உடனே பிரதி எடுங்கள். வட்டில் இடம் முழுதாக நிரம்பினாலும் நடை தளரும். வீடியோ செய்பவர்கள் பழைய வேலைகளை அழிக்க மனமில்லாமல் வைத்திருப்போம்.

நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் விசிறி இரைகிறதென்றால் டாஸ்க் மனேஜரில் எந்த மென்பொருள் செயலியைத் தின்கிறது என்று பாருங்கள். பெடியள் பென்டிரைவில் கொண்டுவரும் களவு விளையாட்டுகளோடு, பிறருக்காக இரகசியமாக இணையக்காசு தோண்டும் நிரல்கள் வந்து குந்திவிடுவதுண்டு. விண்டோஸிலேயே இருக்கும் பாதுகாப்பு மென்பொருளால் முழுச் சோதனை ஒன்று ஓடவிடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். 2025 ஒக்ரோபர் 14 உடன் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அதற்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது.

அப்டேற் ஒன்று ஓடிய மறுநாளே வீடியோ இழுபட்டால், மென்பொருள் பெரிய சிப்பை விட்டுவிட்டுச் சின்னதில் ஓடிக்கொண்டிருக்கலாம். செற்றிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற இடத்தில் அந்த மென்பொருளுக்கு ஹை பேர்ஃபோமன்ஸ் என்று தெரிவுசெய்து விடலாம். பற்றரியைச் சேமிக்கும் நிலையில் விட்டிருந்தாலும் வேகம் விழும்.

தொடுபலகை மேலெழும்பியோ, மூடி சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் பற்றரி ஊதியிருக்கலாம். அதை அமத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. தீப்பிடிக்கும். அணைத்து, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வைத்துத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. மின்சாரம் நின்றுவிட்டாலும் அதேபோலக் கழற்றிவிடுங்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் கரன்ற் நின்றதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று அப்போது அமைச்சர் சொன்னார். குரங்கு பாய்ந்ததோ இல்லையோ, நின்ற கரன்ற் திரும்பி வரும் நேரம் ஏறி இறங்கி வரும். வந்து பத்து நிமிடம் கழித்துச் செருகினால் போதும்.

தங்கச்சி இப்போது சிவப்பு நகப்பூச்சால் மடிக்கணினியில் சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் 19.5 என்றும் 180 என்றும் எழுதி வைத்திருக்கிறாள். "அப்பா" கோப்புறை மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று அந்த இயந்திரத்தில், ஒன்று மூத்த மகளிடம் வவுனியாவில், ஒன்று பொலித்தீனில் சுற்றி என் அலுமாரியில். எங்கள் வகுப்பில் வேறு 5 பேர் தங்கள் கடதாசிகளை அவ்வாறே ஸ்கான் பண்ணித் தந்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் செய்கிறோம்.